வீட்டுக்கும் சர்வருக்கும் எந்த லினக்ஸ்? விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு

கல்லிடைக்காரி

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில வீட்டோட அப்பளத் தொழில் நடத்துதோம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுட்டு. எங்ககிட்ட இருக்க எந்தப் பொட்டியிலயும் 11 ஏறாது. டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பு கேக்கு, எட்டாம் தலைமுறை புராசசராவது வேணுங்கு. நல்லா ஓடிக்கிட்டு இருக்கதைத் தூக்கிப் போட மனசு வரல. விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்குத லினக்ஸுக்கு மாறலாம்னு முடிவு பண்ணியாச்சு, அதுல எந்த வகைன்னுதான் தெரியல.

இருக்கது மூணு. பிள்ளைங்க பாடம் பாக்க, இவுக பேங்க் வேலை பாக்க வீட்டுப் பொட்டி ஒண்ணு: மூணாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். டேலி கணக்கு மென்பொருளுக்கு ஒண்ணு: ஆறாம் தலைமுறை ஐ5. மூணாவது அண்ணன் ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது, நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, சும்மா கிடக்கு. அதைச் சர்வரா வைக்கணும்னு ஆசை. பில்லு, ஸ்கேன் பண்ணின ஆர்டர் சீட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். அம்பாசமுத்திரம் கடைக்குப் போயிருக்கையில போன்லயே எடுத்துப் பாக்கணும்.

ஒருத்தர் உபுண்டுங்காக, ஒருத்தர் ஃபெடோராங்காக, சொந்தக்காரப் பையன் ஆர்ச் போடுங்கான். புதுசா செலவுன்னா ரெண்டு எஸ்எஸ்டி வாங்குத அளவுக்குத்தான் கையில இருக்கு.

பாளைக்காரன்

அக்கா, பேரு சொல்லுமுன்ன மூணு கேள்வி. டேலியை விட முடியுமா? பிரிண்டர் என்ன? சர்வர் வைக்கப்போற இடத்துல யூபிஎஸ் இருக்கா, வெறும் இன்வெர்ட்டரா?

கல்லிடைக்காரி

டேலியை விட முடியாது அண்ணாச்சி, ஆடிட்டர் அந்த ஃபைலைத்தான் கேப்பாரு. பிரிண்டர் பழைய எச்பி லேசர். கரண்டுக்கு இன்வெர்ட்டர்தான். ஆனி ஆடியில சாரக்காத்து அடிச்சா கரண்டு போய்ப் போய் வரும். இன்னொண்ணும் சொல்லிருதேன்: கெட்டுப்போனா பாக்க ஆளு நான்தான். தம்பி பெங்களூருல இருக்கான், போன்ல சொல்லுவான்.

வள்ளியூர் காற்றாலை

சர்வருக்கு லினக்ஸ்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அக்கா. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இலவச இயங்குதளத்தையும் பாருங்கள். 1993இலிருந்து வருகிறது. கெர்னல் என்ற மையப் பகுதியும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையில், ஒரே தொகுப்பாக வெளியாகின்றன. நாம் பிறகு போடும் மென்பொருள் தனி இடத்தில் போய் உட்காரும், அடிப்படைத் தளத்தோடு கலக்காது. அதனால் எதைத் தொட்டோம், எது எங்கே போனது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம். அதன் கையேட்டைப் போல ஒழுங்காக எழுதப்பட்ட இன்னொன்றை நான் பார்த்ததில்லை. நெட்ஃபிளிக்ஸ் வீடியோ அனுப்பும் சர்வர்களில் ஓடுவதும் இதுதான்.

உங்களுக்கு இதைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் கரண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் கோப்பு முறை நிறுவும்போதே கிடைக்கும். அது இருக்கிற தரவின் மேலேயே எழுதாது. புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை விட்டுப் புதியதற்கு மாறும். பாதியில் கரண்டு போனால் பழையது அப்படியே இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருக்கும், இரண்டு டிஸ்கை மிரராக, ஒன்றின் நகலாக மற்றதைப் போட்டால் ஒன்றில் கெட்டதை மற்றதிலிருந்து தானே சரிசெய்யும். அப்டேட் போடுமுன் பூட் என்விரான்மென்ட் என்று அப்போதைய நிலையின் நகல் ஒன்று எடுத்து வைத்தால், அப்டேட் காலை வாரினாலும் பழைய நிலைக்கே பூட் செய்துகொள்ளலாம்.

பாளைக்காரன்

காற்றாலை அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. இசட்எஃப்எஸ்ஸை நானும் மதிக்கேன். ஆனா அக்கா சொன்ன கடைசி வரியைப் பாருங்க. கெட்டுப்போனா பாக்க ஆளு அவுகதான். நான் பாளையங்கோட்டையில பள்ளிக்கூடம், கிளினிக்குன்னு சின்னச் சின்ன சர்வரா பாத்துக்கிட்டு இருக்கேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல பாக்கது இதைத்தான்: ராத்திரி சர்வர் எந்திரிக்கலன்னா யாரு வருவா, வாரவனுக்கு இது தெரியுமா? அம்பை, தென்காசி, பாளை எங்க தேடினாலும் உபுண்டு, டெபியன் தொட்ட காலேஜ் பிள்ளை ஒண்ணு கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டி தெரிஞ்ச ஆளுக்கு வள்ளியூருக்குத்தான் வரணும்.

அதனால என் பேச்சு இதுதான். வீட்டுக்கும் சர்வருக்கும் ஒரே குடும்பத்தைப் போடுங்க. சர்வருக்கு டெபியன் 13, வீட்டுக்கு லினக்ஸ் மிண்ட். மிண்ட் உபுண்டு மேல கட்டினது, உபுண்டு டெபியன் மேல கட்டினது. ரெண்டுலயும் மென்பொருள் போடுத முறை ஒண்ணு, அமைப்புக் கோப்புகளும் பெரும்பாலும் ஒரே இடத்துலதான். வீட்டுப் பொட்டியில கத்துக்கிட்டது சர்வர்லயும் உதவும், தம்பியும் போன்ல ரெண்டு விதமா சொல்ல வேண்டியதில்ல.

ஏன் டெபியன்னு கேட்டா, காலம். டெபியன் 13 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு. முதல் மூணு வருசம் முழுப் பாதுகாப்பு, அப்புறம் ரெண்டு வருசம் நீண்டகால ஆதரவு, 2030 வரைக்கும் ஓடும். ஃபெடோரா நல்ல தளம், புதுசு புதுசா வரும். ஆனா ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுசு 13 மாசம். வருசா வருசம் சர்வரை மேம்படுத்திக்கிட்டு இருக்க அப்பளம் போடுத வீட்டுல யாருக்கு நேரம்?

அடுத்தது, யாரு கையில இருக்குங்கிறது. ரெட் ஹேட் கம்பெனி கையில இருந்த சென்ட்ஓஎஸ் 8ங்கிற சர்வர் லினக்ஸை 2029 வரைக்கும் ஓடும்னு நம்பிப் போட்டவங்க எத்தனையோ பேரு. 2020 டிசம்பர்ல அறிவிப்பு வந்துச்சு, 2021 டிசம்பர் 31ஓட கதை முடிஞ்சுட்டு. அந்த இடத்தை நிரப்பத்தான் ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தது, ரெண்டும் இன்னைக்கும் நல்லா நடக்கு. ஆனா ஒரு கம்பெனி முடிவு மாறினா நம்ம திட்டமும் மாறுதுங்கிறதை அந்த வருசம் எல்லாரும் பாத்தாச்சு. டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல. 1997லயே சமூக ஒப்பந்தம்னு எழுதி வச்சு, பெரிய விசயம்னா ஓட்டுப் போட்டு முடிவெடுக்காங்க. முன்னெல்லாம் டெபியன்ல வைஃபை வேலை செய்யாதும்பாங்க. 2022ல ஓட்டுப் போட்டு, டெபியன் 12லேருந்து வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரையும் நிறுவிக்குள்ளயே சேத்துட்டாங்க.

ஆர்ச் போடச் சொன்ன பையனுக்கும் ஒரு வார்த்தை. ஆர்ச்ல எல்லாத்துக்கும் புதுப் பதிப்பு உடனுக்குடன் ஏறும், அதுதான் பயம். 2024 மார்ச் 29ல எக்ஸ்இசட்ங்கிற கோப்புச் சுருக்குத மென்பொருளோட விசயம் வெளிய வந்தது ஞாபகம் இருக்கும். ஒரு ஆளு ரெண்டு வருசத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கையைப் பிடிச்சு, 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல திருட்டுத்தனமா உள்ள நுழைய பின்வாசல் வச்சிட்டான். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டுங்கிற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையுத எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு நோண்டிப் பாத்துதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. டெபியனோட சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவோட சோதனைப் பதிப்புக்கும் அது போய்ச் சேந்துட்டு. டெபியன் ஸ்டேபிளுக்கு வரவே இல்ல. ஏன்னா ஸ்டேபிள்ல பதிப்பு மாறாது, பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத் திருத்தமும்தான் வரும். ஆர்ச் கத்துக்கதுக்கு அருமையான தளம், சொந்த லேப்டாப்புல தாராளமா போடட்டும். நாலு பேரு சோறு தின்னுத தொழிலோட பில்லு இருக்க பொட்டியில வேண்டாம்.

டேலி பொட்டியைத் தொடாதீங்க. டேலி விண்டோஸ்ல மட்டும்தான் முறையா ஓடும், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸ்ல ஓட்டுத வைன் வச்சு ஓட்டுதேன்னு யாரும் வந்தா விடாதீங்க. வீட்டு உபயோகக் கணினிக்கு 2026 அக்டோபர் வரைக்கும் நீட்டிப்பு அப்டேட் மைக்ரோசாஃப்ட் குடுக்கு, அதுக்குப் பதிஞ்சுக்கிடுங்க. இனிமே அதுல மெயில், யூடியூப் எதுவும் வேண்டாம். டேலி, ஜிஎஸ்டி, அவ்வளவுதான். பேக்கப்பைச் சர்வர்ல சாம்பாங்கிற ஃபோல்டர் பகிருத மென்பொருள் வழியா ஒரு ஃபோல்டர்ல தினமும் போட்டுருங்க.

செங்கோட்டை வாத்தியார்

வீட்டுக் கணினியைப் பற்றி நான் சொல்கிறேன். சர்வர் ஆசையில் அதை மறந்துவிடுகிறோம், ஆனால் பிள்ளைகள் தொடுவது அதைத்தான்.

முதலில் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள் அம்மா. எந்த லினக்ஸ் என்பதைவிட இதுதான் வேகத்தை மாற்றும். 4 ஜிபி ரேமுக்கு மிண்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும், சின்னமன் பதிப்பு கொஞ்சம் கனம். மிண்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. உபுண்டு பயர்ஃபாக்ஸைக்கூட ஸ்நாப் என்ற தன் தொகுப்பு முறை வழியாகத்தான் தருகிறது, பழைய கணினியில் அது திறக்கவே நேரம் எடுக்கும். மிண்ட் 2020இலேயே ஸ்நாப்பைத் தானாக நுழையவிடாமல் நிறுத்திவிட்டது.

நிறுவுமுன் யூஎஸ்பியில் ஏற்றி லைவாகவே ஓட்டிப் பாருங்கள். டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, யூடியூப் தடங்கலின்றி ஓடுகிறதா, தூங்க வைத்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே இணையத்தை எடுத்துக்கொள்ளும், அதைக் கொண்டே டிரைவரை இறக்கிவிடலாம். எச்பி பிரிண்டருக்கு எச்பிலிப் என்று ஒரு டிரைவர் தொகுப்பு இருக்கிறது. சில பழைய லேசர் மாடல்களுக்கு அதற்குள்ளேயே ஒரு பிளக்இன் கேட்கும், அதையும் சரி என்று கொடுத்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாம் வரும். பிள்ளைகளுக்குத் தமிழ்99 பழக்குங்கள். 1999இல் நம் அரசே தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். கை இரண்டும் மாறி மாறிப் போகும், வேகம் தானாக வரும்.

பிள்ளைகள் லினக்ஸில் திணறுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊரிலிருந்து புளியரை தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் பக்கம் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கியது, அதுவும் டெபியன் மேல் கட்டியதுதான். பெட்டி வந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். தமிழிலேயே படிக்க வேண்டுமானால் கணியம் தளத்தில் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக இருக்கின்றன.

வள்ளியூர் காற்றாலை

பாளைக்காரர் சொன்ன ஆள் கணக்கு நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோப்பு முறையை விட்டுக்கொடுக்க மாட்டேன். டெபியனிலேயே தரவு டிஸ்குக்கு மட்டும் இசட்எஃப்எஸ் போடலாமே?

பாளைக்காரன்

போடலாம். ஆனா உரிமம் ஒத்துப்போகாததால லினக்ஸ் கெர்னலுக்குள்ள அது வராது. டெபியன்ல தனியா எடுத்து, கெர்னல் அப்டேட் வாரப்பல்லாம் அந்தப் பொட்டியிலயே கம்பைல் ஆகணும். அது ஒரு நாள் தடுக்கினா டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகாது. எனக்குன்னா பத்து நிமிச வேலை, அக்காவுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இன்னொண்ணு, அவுக வாங்கப்போறதே ரெண்டு எஸ்எஸ்டி. ஒண்ணு வீட்டுப் பொட்டிக்குப் போயிரும். சர்வர்ல ஒத்த டிஸ்க்னா இசட்எஃப்எஸ் என்ன செய்யும்?

வள்ளியூர் காற்றாலை

ஒற்றை டிஸ்கில் கெட்டதைக் கண்டுபிடித்துச் சொல்லும், சரிசெய்ய மற்றொரு பிரதி இருக்காது. சரி. இந்தப் பெட்டிக்கு லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறை போதும் என்று ஏற்கிறேன். ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு இருப்பதால் திடீரென்று அணைந்தாலும் கோப்பு முறை தேறிவிடும். அந்த நொடி எழுதிக்கொண்டிருந்த கோப்புதான் போகும். இரண்டு டிஸ்க் வாங்கும் காலம் வரும்போது மறுபடி பேசுவோம்.

ஜங்ஷன் டிடிபி

எல்லாரும் டிஸ்ட்ரோ, அதான் லினக்ஸ் வகை, பத்திப் பேசுதீக. நான் தண்ணியைப் பத்திப் பேசுதேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம்னு உள்ள வந்துட்டு. எங்க கடையில சிபியு எல்லாம் தரையிலதான் இருந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் திறந்து பாத்தா, பவர் சப்ளை விசிறிக்குள்ள செம்மண் சேறு கெட்டியா உறைஞ்சு கிடந்துச்சு. டிஸ்க் கனெக்டர் பச்சை பூத்துப் போயிருந்தது. அந்தப் பொட்டியில ரெய்டு இருந்துச்சு, ஒண்ணுல எழுதுதது மத்ததுலயும் ஏறுத மாதிரி ரெண்டு டிஸ்க். ரெண்டும் ஒரே தண்ணியிலதானே கிடந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், இத்தனை வருச டிசைன் எல்லாம் திரும்ப வந்தது சங்கரன்கோயில்ல மதினி வீட்டுல வச்சிருந்த ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கால. அதுல இல்லாத கடைசி மாச வேலை போனது போனதுதான்.

தங்கச்சி, உங்க ஊரும் ஆத்தங்கரை. சர்வரைத் தரையில வைக்காதீங்க, பரண் உயரத்துல பலகை அடிச்சு வைங்க. பேக்கப் ரெண்டு போடுங்க. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வீட்டுல, இன்னொண்ணு வேற ஊருல. வேற ஊருக்குப் போற டிஸ்கை லக்ஸ்ங்கிற மறையாக்கம் போட்டுப் பூட்டிருங்க, தொலைஞ்சாலும் கணக்கு வெளிய போகாது. பேக்கப் எடுக்க ரெஸ்டிக் இல்லன்னா போர்க், ரெண்டுல எது பழகுதோ அதை வைங்க, மாறின பகுதியை மட்டும் சேத்துக்கிட்டே போகும். அப்பப்போ ஒரு பில்லை வேணும்னே பேக்கப்புல இருந்து எடுத்துத் திறந்து பாத்துக்கிடுங்க. திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

டிடிபி ஆளா இன்னொண்ணும் சொல்லுதேன். பழைய லேபிள் டிசைன் பாமினி, வானவில் எழுத்துல இருந்தா, அந்த ஃபான்டையும் எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா லிப்ரேஆஃபிஸ்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் குப்பையாத்தான் தெரியும். புது லேபிளை யூனிகோடுலயே செய்யுங்க. பக்கம் வடிவமைக்குத ஸ்க்ரைபஸ் 1.6, 2024 ஜனவரியில வந்தது, தமிழ் எழுத்தை உடைக்காம அடுக்குது. பேஜ்மேக்கரை நம்பித்தான் விண்டோஸை விட முடியலன்னு இருக்க நம்ம தொழில்காரங்க இதை ஒரு தடவையாவது பாக்கணும்.

மேலப்பாளையம் துபாய்

அம்பையில இருந்து போன்ல பார்க்கிறதுக்கு: ரவுட்டர்ல வெளியாள் நுழையற மாதிரி போர்ட் திறந்து விடாதீங்க லாத்தா. திறந்த எஸ்எஸ்எச் போர்ட்டை இராப்பகலா எவனாவது தட்டிக்கிட்டே இருப்பான். நம்ம ஊர் ஃபைபர் இணைப்புல பெரும்பாலும் தனிப் பொது ஐபியும் தரமாட்டாங்க, திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் போடுங்க. அது வயர்கார்ட்ங்கிற விபிஎன் மேல கட்டினது. வயர்கார்ட் 2020லேயே லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தாச்சு. சர்வர்லயும் போன்லயும் போட்டு ஒரே கணக்குல நுழைஞ்சா ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி பார்த்துக்கும். நான் இங்கேயிருந்து வாப்பாவோட பொட்டியை இப்படித்தான் பார்த்துக்கிறேன். டெயில்ஸ்கேலோட மைய சர்வர் மட்டும் திறந்த மூலம் இல்லை. அது மனசுக்கு ஒவ்வலைன்னா அதுக்கு மாத்தா திறந்த மூல ஹெட்ஸ்கேல் இருக்கு, ஆனா அதைப் பொது ஐபி உள்ள இடத்துல நீங்களே ஓட்டணும்.

கோப்பு பார்க்க முதல்ல சாம்பா மட்டும் போதும். பழகின பிறகு சொந்தமா கிளவுட் வச்சுக்கிற நெக்ஸ்ட்க்ளவுட் ஏத்துங்க, 8 ஜிபிக்குத் தாங்கும்.

கல்லிடைக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஆர்ச் சொன்ன பையன்கிட்ட எக்ஸ்இசட் கதையைச் சொன்னேன், சர்வருக்கு டெபியனே போடுவோம், நானே கூட வாரேன்னுட்டான். வீட்டுப் பொட்டிக்கு மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ. நேத்து யூஎஸ்பியில போட்டுப் பாத்தோம், வைஃபை உடனே பிடிச்சுது, பிரிண்டர் மட்டும் வாத்தியார் ஐயா சொன்ன பிளக்இன் கேட்டுச்சு, குடுத்ததும் அடிச்சுட்டு. டேலி பொட்டி அப்படியே இருக்கட்டும். ஒரு டிஸ்க் ஆலங்குளத்துல அக்கா வீட்டுக்குப் போவுது.

ஒரே ஒரு சந்தேகம். இன்வெர்ட்டர் இருக்கையில சர்வருக்குத் தனியா யூபிஎஸ் எதுக்கு? கரண்டு போகையில சில சமயம் கம்ப்யூட்டர் அணைஞ்சு எரியுது, சில சமயம் அணையல.

பாளைக்காரன்

இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கும் அக்கா, ஒரு பக்கம் யூபிஎஸ்னு போட்டிருக்கும். மறுபக்கம் இருந்தா கரண்டு போய் பேட்டரிக்கு மாற எடுத்துக்கிடுத நேரத்தைக் கம்ப்யூட்டர் தாங்காது. அதை முதல்ல மாத்துங்க. பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஆனா பேட்டரி இறங்கிட்டுன்னு இன்வெர்ட்டர் சர்வர்கிட்ட சொல்லாது, திடீர்னு விட்டுரும். அதனால சர்வருக்கு நினைச்ச ரெண்டாவது எஸ்எஸ்டிக்குப் பதிலா யூஎஸ்பி போர்ட் உள்ள சின்ன யூபிஎஸ் ஒண்ணு வாங்குங்க. விலை குறைஞ்ச மாடல் நிறையத்துல அந்த போர்ட் இருக்காது, கடையில பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்து வாங்குங்க. டெபியன்ல யூபிஎஸ்ஸைக் கவனிக்குத நட்ங்கிற மென்பொருள் போட்டு கேபிளை மாட்டினா, பேட்டரி கடைசிக்கு வரையில சர்வர் தானே ஒழுங்கா அணைஞ்சுக்கிடும்.

சர்வருக்கு அதுல இருக்க ஹார்ட் டிஸ்க்கே இப்போதைக்கு ஓடட்டும். டெபியன் ஏறினதும் டிஸ்க் நலம் பாக்குத ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு, ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் ரெண்டும் சுழியமான்னு மட்டும் பாருங்க. எண்ணு ஏறியிருந்தா இங்கன எழுதுங்க, டேட்டாவை ஏத்தாதீங்க. பாதுகாப்பு அப்டேட் தானா வர அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் வச்சிருங்க. அப்புறம் பயாஸுக்குள்ள போயி, கரண்டு வந்ததும் தானா எந்திரிக்கணும்னு ஒரு அமைப்பு இருக்கும், அதை ஆன் பண்ணிருங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் அம்பைக்கு வாரேன், பையனையும் வரச் சொல்லுங்க, சேந்து ஏத்திருவோம்.